ஒத்தைச் செருப்புக் குடில்

ஒரு ஊர்ல ஒரு கோயில்பிள்ளை இருந்தார். சந்தியாகுன்னு பேரு. நான் அவரைக் கடைசியா உசுரோட பார்த்தப்போ, அவர் ஒரு ஆட்டுக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தார்.

"ஆட்டுக்கிட்டயா தாத்தா?"

ஆமா. தெரியாம அதோட காலை மிதிச்சுட்டார். "கோவிச்சுக்காத தாயி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல"ன்னு அது தாடையைத் தடவிக்கிட்டு நிக்கிறார். என்னைப் பார்த்ததும், "இது யாரு தெரியுதா? மகராசியோட பேத்திக்குப் பேத்தி. சூசையப்பரைத் தின்னாளே, அவ வம்சம்"ன்னார். ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சோம். அப்புறம் பஸ் வந்துச்சு. நான் ஏறிட்டேன். அதுக்குப் பிறகு அவரைப் பார்க்கல.

"சூசையப்பரை ஆடு தின்னுச்சா!"

தின்னுச்சு. எந்திரிச்சு உக்காராத ஷைனி, படு. போர்வையை இழுத்து விட்டுக்கோ. நீ 'ம்' கொட்டினாத்தான் கதை நடக்கும். கொட்டலைன்னா நின்ன இடத்துலயே நின்னுரும், சொல்லிட்டேன்.

"ம்."

அது ஒரு கடற்கரை ஊர். சிலுவைத்துறை. இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் உடைமரக் காடு, நடுவுல ஒரு சின்னக் கோயில். கோயில்ல மணி அடிக்கணும், மெழுகுவர்த்தி ஏத்தணும், கதவைத் திறக்கணும், பூட்டணும். இதெல்லாம் கோயில்பிள்ளை வேலை. தலை பூரா நரைச்சுப் போச்சு, ஆனாலும் ஊர்ல அவரைக் கோயில்பிள்ளைன்னுதான் கூப்பிடுவாங்க. அவர் வளர்த்த ஆடுதான் மகராசி. அது கோயில் வாசல்ல படுத்துக்கிட்டு, போறவங்க வாறவங்க கையில காகிதம் இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும்.

அந்த ஊர்ல ஜெனோவான்னு ஒரு பொண்ணு. உன்னை விட கொஞ்சம் பெரியவ. ரெட்டைச் சடை. முன்பல்லு ஒண்ணு அப்போதான் முளைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ அப்பா தொம்மை, தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார். தங்கல்னா தெரியுமா? தூரத்து ஊர்ல போய்த் தங்கி, அங்கேயே மாசக்கணக்கா மீன் பிடிக்கிறது. கிறிஸ்துமஸுக்குத்தான் வீடு வருவாங்க. தொம்மை போன பிறகு ஜெனோவாவுக்கு ஒரு தம்பி பிறந்துட்டான். அவன் மூஞ்சியை அப்பா இன்னும் பார்க்கல.

"பாவம்."

பாவம்தான். ஆனா அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு, கேளு. ஒரு வருஷத்துல பிறந்த பிள்ளைங்களை எல்லாம் கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில கொண்டு வந்து, கோயில்ல கட்டுற கிறிஸ்துமஸ் குடில்ல, பாலன் ஏசுவுக்குப் பக்கத்துல வைக்கோல்ல கிடத்துவாங்க. அப்புறம் அப்பா வந்து குனிஞ்சு பிள்ளையைத் தூக்குவார். அதுக்குப் 'பிள்ளை வாங்குறது'ன்னு பேரு. வீட்டுலதான் பிறந்திருக்கும். ஆனாலும் பாலன் பக்கத்துல இருந்து வாங்கினாத்தான் வாங்கின மாதிரி.

ஜெனோவாவையும் அப்படித்தான் வாங்கினாங்க. தொம்மை வருஷா வருஷம் சொல்லுவார். "மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவுல கிடந்த, ஏட்டி. நான் வந்து நின்னதும் ஒட்டகத்தைப் பார்த்துச் சிரிச்ச. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கல." இதைக் கேட்டுக் கேட்டு ஜெனோவாவுக்கு மனப்பாடம். தம்பி தொட்டில்ல கிடக்கும்போது அவன் காதுல போய்ச் சொல்லுவா. "இரு, அப்பா வருவார். நீயும் ஒட்டகம் பார்க்கலாம்." அவன் "ங்க்ஙூ"ம்பான்.

"ம்."

அப்போ என்னாச்சு? புயல் வந்துச்சு. உய்ய்ய்ன்னு காத்து. தடார் தடார்னு கதவு. கடல் எந்திரிச்சு ஊருக்குள்ள நடந்து வந்துட்டு, 'சரி போயிட்டு வாறேன்'னு திரும்பிப் போச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல. ஓலைக் கூரையெல்லாம் பறந்துச்சு. சந்தியாகு கோயில்பிள்ளை ஒரு கால் செருப்பைப் பறிகொடுத்தார். கோயில் பின்னறையில தண்ணி நின்னுச்சு.

பின்னறையிலதான் குடில் பெட்டி. தண்ணி வடிஞ்சதும் சந்தியாகு பெட்டியைத் திறக்கிறார். உள்ள மாதா இல்ல, பாலனோட அப்பா சூசையப்பர் இல்ல, ராசாக்கள் இல்ல. ஒரே வெள்ளைச் சேறு! சுண்ணாம்பு மாவுல செஞ்ச சுரூபம்ல்லா? ஊறி, கரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு குழைஞ்சு போச்சு. பாலன் ஏசு மட்டும் தப்பிச்சார். அவரைத் தனியா அலமாரி மேல்தட்டுல வச்சிருந்தாங்க.

புதுசு வாங்கலாம்னா, தூத்துக்குடிக்குப் போற ரோட்டை வெள்ளம் அரிச்சுட்டுப் போயிருந்துச்சு. சந்தியாகு கோயில் வாசல்ல நின்னு சொல்லிட்டார்: "அம்மையும் அப்பனும் இல்லாம பிள்ளையை மட்டும் எப்படிக் கிடத்த? இந்த வருஷம் குடில் கிடையாது."

குடில் இல்லைன்னா பிள்ளை வாங்குறதும் இல்ல.

ஜெனோவா ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னா. அம்மா பேரு சலேத்மேரி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தா. "சரி, விடு. அப்பா வந்து வீட்டுலயே தூக்கட்டும்"னா. சொல்லிட்டுச் சுவர்ப் பக்கமாத் திரும்பிக்கிட்டா. ஜெனோவாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கல. திரும்ப ஒரே ஓட்டம். தட தட தடன்னு கோயிலுக்கு.

"கோயில்பிள்ளை தாத்தா! சுரூபம் நாங்க செஞ்சா?"

"நீங்களா? எதுல?"

"இருக்கிறதுல."

சந்தியாகு ஒத்தைச் செருப்போட நின்னு யோசிச்சார். "பார்க்கிற மாதிரி இருந்தா வைக்கேன். கேலிக்கூத்தா இருந்தா வைக்க மாட்டேன்."

"ம். அப்புறம்?"

அப்புறம் ஜெனோவா ஆள் சேர்த்தா. பக்கத்து வீட்டு வியாகுலம். அவன் பேருதான் வியாகுலம், எப்பப் பார்த்தாலும் இளிச்சுக்கிட்டே இருப்பான். அவன் தங்கச்சி லில்லி. ரொம்பச் சின்னது. மூக்கு ஒழுகும். எந்த வேலை சொன்னாலும் "நான் செய்யேன்"னு முன்னால வந்து நிக்கும்.

முதல்ல காகிதம். பழைய பேப்பர், நோட்டு அட்டை, சிமெண்ட் சாக்கு எல்லாத்தையும் ஊரெல்லாம் பொறுக்கினாங்க. சலேத்மேரி மைதா மாவுல பசை காய்ச்சிக் கொடுத்தா. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, இவங்க கிழிச்சுக் கொடுக்கக் கொடுக்க ஒட்டி ஒட்டி, சாயங்காலத்துக்குள்ள சூசையப்பர் வந்துட்டார், மாதா வந்துட்டா. ஆடு செய்யும்போது மட்டும் ஒரு சண்டை. சாமி படத்துல ஆட்டுக்குக் கொம்பு இல்ல. "கொம்பு இல்லாம என்ன ஆடு?"ன்னு வியாகுலம் கேட்டான். அந்த ஊர்ல யாரும் செம்மறியைக் கண்ணால பார்த்ததில்ல. கொம்பும் தாடியும் வச்சு நல்ல வெள்ளாடாவே செஞ்சாங்க.

எல்லாத்தையும் கோயில் வாசல்ல வரிசையா வச்சுட்டு, சந்தியாகுவைக் கூப்பிட உள்ள போனாங்க. வெளிய என்ன சத்தம்?

நறுக். நறுக். மொறு மொறு மொறு.

"மகராசி!"

மகராசியேதான். வந்து பார்த்தா சூசையப்பருக்கு இடுப்புக்கு மேல ஒண்ணும் இல்ல. மைதாப் பசை போட்ட காகிதம்ல்லா, அதுக்கு முறுக்கு மாதிரி இருந்திருக்கும். மாதாவை அது வாயில இருந்து பிடுங்கப் பிடுங்க, 'ம்மே'ன்னு ஒரு முழுங்கு. அந்தக் காகித ஆட்டை மட்டும் தொடல. மோந்து பார்த்துட்டு விட்டுருச்சு.

வியாகுலம் விழுந்து விழுந்து சிரிக்கான். ஜெனோவா, "சிரிக்காதலே! தம்பிக்கு என்ன பதில் சொல்ல?"ன்னு கேட்டா. அவன் டக்குன்னு வாயை மூடிக்கிட்டான்.

"ம்."

ரெண்டாவது மெழுகு. கல்லறைத் திருநாளைக்கு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துல மெழுகுவர்த்தி ஏத்துவாங்கல்லா, அதுல எரிஞ்சது போக மிச்சத் துண்டு அங்கங்க கிடக்கும். அதைச் சுரண்டிச் சுரண்டி ஒரு சட்டி நிறைய எடுத்துக்கிட்டு வந்தாங்க. சலேத்மேரி அதை உருக்கி, கை பொறுக்கிற சூடு வந்ததும், ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தா. பிசைஞ்சு, இழுத்து, கிள்ளி... அடடா! காகிதத்தை விட நல்லா வந்துச்சு. ராசாக்களுக்குத் தாடி. மாட்டுக்குத் திமில். வியாகுலம் செஞ்ச ஒட்டகம் மட்டும் கொஞ்சம் எருமை மாதிரி இருந்துச்சு.

செஞ்சு முடிச்சாச்சு. இனி என்ன செய்யணும்?

"என்ன செய்யணும்?"

அந்த ஊர்ல எதைச் செஞ்சாலும் வெயில்ல காய வைப்பாங்க. மீனைக் காய வைப்பாங்க, வலையைக் காய வைப்பாங்க, துணி, புளி, மிளகா எல்லாம் காய வைப்பாங்க. பிள்ளைங்களும் அப்படித்தான் செஞ்சாங்க. கருவாட்டுப் பாயை விரிச்சு, அதுல மெழுகு மாதாவையும் மெழுகு ராசாக்களையும் காயப் போட்டாங்க!

"அய்யோ! உருகிருமே!"

உனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தோணல. சலேத்மேரி உள்ள பிள்ளையைத் தூங்க வச்சுக்கிட்டு இருந்தா. லில்லி கையில ஒரு கம்பைக் கொடுத்து, "காக்கா வராம பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டு இவங்க சாப்பிடப் போயிட்டாங்க.

உச்சி வெயில். முதல்ல மூணு ராசாக்களும் மெதுவாத் தலை குனிஞ்சாங்க. அப்புறம் முழங்கால் போட்டாங்க. அப்புறம் குப்புறப் படுத்துட்டாங்க. மாடு உக்காந்துச்சு. சொத்... சொத்... சொத்துன்னு எல்லாம் பாய்க்குள்ள இறங்குது. லில்லி கம்போட நிமிந்து நின்னு வானத்தையே பார்த்துக்கிட்டு இருக்கா.

ஜெனோவா வந்து, "ஏட்டி லில்லி! என்ன பார்த்த?"ன்னு அலறினா.

லில்லி மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா: "ஒரு காக்கா கூடத் தூக்கலக்கா."

"ஹி ஹி ஹி."

மெதுவாச் சிரி, அம்மா முழிச்சுக்கிடுவா. ஜெனோவா அன்னைக்குச் சிரிக்கல. கடற்கரையில போய்த் தனியா உக்காந்தா. கிறிஸ்துமஸ் கிட்ட வந்துட்டு. அப்பா அங்க இருந்து கிளம்பியிருப்பார். வந்து "ஒட்டகம் எங்க, மாடு எங்க, என் பிள்ளை எங்க கிடக்கான்?"னு கேட்டா என்ன சொல்ல? ஆடு தின்னுட்டு, வெயில் தின்னுட்டுன்னா?

அப்போ அலை வந்து அவ கால்கிட்ட ஒண்ணைப் போட்டுச்சு. பொத்.

"என்னது?"

ஒரு செருப்பு. நீல வார் வச்ச ரப்பர் செருப்பு. ஒத்தைச் செருப்பு. கடல் எப்பவும் ஜோடியாக் கொடுக்காது, ஒத்தையாத்தான் கொடுக்கும். அவ எடுத்துத் தூரப் போட்டா. அலை இன்னொண்ணு கொண்டு வந்துச்சு. நிமிந்து கரையைப் பார்த்தா, ஏயப்பா! புயல் எந்தெந்த ஊர்ச் செருப்பையோ அள்ளிக்கிட்டு வந்து கரை நெடுகப் போட்டிருக்கு. வெள்ளை, நீலம், பச்சை, செங்கல் கலர், கருப்பு, கல்லு வச்ச பொம்பளைச் செருப்பு, குழந்தைச் செருப்பு.

ஜெனோவா ஒரு செருப்பை எடுத்து நல்லாப் பார்த்தா. கடல்ல எத்தனை நாள் கிடந்துச்சோ, கரையல. மணல்ல எத்தனை வெயில் பார்த்துச்சோ, உருகல. இடுப்புல கை வச்சு எந்திரிச்சா. அதை எடுத்துக்கிட்டு நேரா மகராசிகிட்ட போய் மூஞ்சிக்கு முன்னால நீட்டினா.

மகராசி மோந்துச்சு. ஒரு கடி கடிச்சுச்சு. "ப்பூ!"ன்னு துப்பிட்டுத் தலையைத் திருப்பிக்கிச்சு.

"லே வியாகுலம்! சாக்கை எடுத்துக்கிட்டு வா!"

"ம்... ம்..."

தூங்கிட்டியா? இல்லையே? சரி. அள்ளிக்கிட்டு வந்த செருப்பை எல்லாம் நல்ல தண்ணியில அலசிச் சுத்தம் பண்ணினாங்க. இதை ஒட்டுறதுக்குப் பசை எதுவும் சரிவரல. சலேத்மேரி பார்த்தா. தொம்மையோட வலை ஊசியையும் நைலான் நூலையும் எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தா. கிழிஞ்ச வலையைப் பொத்துறவளுக்குச் செருப்பு என்ன கஷ்டம்? பிள்ளைங்க வரைஞ்சு கொடுக்க, அவ பழைய ரம்பத் துண்டால அறுத்து, சர்ரக் சர்ரக்குன்னு தைச்சா. தைச்ச தையல் வெளிய தெரியல. அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவ பாட்டுப் பாடினான்னு சொல்லுவாங்க.

நீலச் செருப்புல மாதாவுக்கு முக்காடு. செங்கல் கலர்ல சூசையப்பருக்கு அங்கி. கருப்புல மாடு. கல்லு வச்ச செருப்புல ராசாக்களுக்குக் கிரீடம், மினுக் மினுக்குன்னு. செருப்பு வாரை வளைச்சா ஆட்டுக் கொம்பு. தேங்கா நார்ல தாடி. இருக்கிறதுலயே பெரிய செருப்பா ஒண்ணு பார்த்து எடுத்து ஒட்டகம். இந்தத் தடவை அது ஒட்டகம் மாதிரியே இருந்துச்சு. மிதிச்சா கத்துற குழந்தைச் செருப்பு ஒண்ணு கிடைச்சுச்சுல்லா, அதுல சம்மனசு, அதான் ரெக்கை வச்ச தேவதூதன். வயித்தை அமுக்கினா 'கீச்'சுங்கும். லில்லி அதை விடவே இல்ல. கீச், கீச், கீச். "சம்மனசு பாடுது, சம்மனசு பாடுது."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாத்தையும் ஒரு கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போனாங்க. கோயில் வாசல்ல எப்பவும் போல இடது பக்கம் செருப்புக் குவியல். எல்லாரும் அங்கதான் கழட்டிப் போட்டுட்டு உள்ள போவாங்க. பிள்ளைங்களும் கழட்டிப் போட்டுட்டு உள்ள காலை வச்சாங்க. சந்தியாகு கூடைக்குள்ள இருந்து மாதாவை எடுத்துத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார்.

"அடே அப்பா. என்ன அழகு! மூக்கும் முழியும்... யாரு சலேத்மேரி கைவேலையா? கனமே இல்லையே. எதுலட்டி செஞ்சீங்க?"

ஜெனோவா வாயைத் திறக்கிறதுக்குள்ள லில்லி முந்திக்கிட்டுச் சொன்னா: "செருப்புல!"

சந்தியாகுவோட கை அப்படியே நின்னுருச்சு. மாதாவைக் கீழ போடவும் முடியல, பிடிச்சிருக்கவும் முடியல. "செருப்பா? மாதாவையா? செருப்புலயா? கொண்டு போங்க! முதல்ல வெளிய கொண்டு போங்க! நான் பிறந்ததுல இருந்து ஒரு செருப்பு இந்த வாசப்படி தாண்டினதில்ல!"

சத்தம் கேட்டு ஆளுங்க கூடிட்டாங்க. ஒரு கிழவி கன்னத்துல போட்டுக்கிட்டா. ஒருத்தர், "சின்னப் பிள்ளைங்க வே, விடும்"னார். இன்னொருத்தர், "அதுக்காகச் செருப்பா?"ன்னார். ஜெனோவா கூடையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. கண்ணுல தண்ணி முட்டுது. ஆனா அழல. அப்புறம் மெதுவாக் கேட்டா:

"தாத்தா, செருப்பு எது வரைக்கும் வரலாம்?"

"வாசப்படி வரைக்கும்தான்!"

அவ திரும்பி நடந்தா. வாசப்படி தாண்டி இறங்கினா. இடது பக்கம் கிடந்த செருப்பை எல்லாம் காலால ஒதுக்கினா. ஒதுக்கின இடத்துல கூடையை இறக்கி வச்சா.

"அப்போ நான் இங்கேயே குடில் கட்டுதேன்."

"ஏட்டி, அது செருப்பு விடுற இடம்!"

"இதுவும் செருப்புதான தாத்தா?"

கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. சந்தியாகுவுக்கு மூஞ்சி சிவந்து போச்சு. "பாலன் ஏசுவைச் செருப்பு விடுற இடத்துல கிடத்தச் சொல்லுதியா? அதுக்கு இங்க இடம் கிடையாது!"

அந்த நேரம் பார்த்து, கிறிஸ்துமஸ் பூசை வைக்க வள்ளத்துல வந்து இறங்கினார் பங்குச்சாமியார். ரோடு இல்லைல்லா, கடல் வழியா வந்தார். அங்கியை முழங்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்னு எல்லாத்தையும் கேட்டார். குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தார். "குடில்ல செம்மறிதான இருக்கும்? இது வெள்ளாடுல்லா?"ன்னு கேட்டார். "எங்க ஊர் ஆடு இப்படித்தான் சாமி"ன்னான் வியாகுலம். சம்மனசை எடுத்தார். 'கீச்'சுன்னுது. திடுக்குனு அவர் கையில இருந்து விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சார்.

அப்புறம் சொன்னார்: "சந்தியாகு, ஒரு சந்தேகம். அன்னைக்கு பெத்லகேம்ல, பிள்ளை பெற இடம் கேட்டு வந்த மாதாகிட்ட 'சத்திரத்துல இடம் இல்ல'ன்னு ஒருத்தன் சொன்னான்ல்லா. அவன் பேரு என்ன?"

சந்தியாகு தலையைச் சொறிஞ்சார். "தெரியலையே சாமி. வேதத்துல அவன் பேரு இல்லையே."

"இல்லைல்லா? அப்போ இந்த வருஷம் உம்ம பேரைப் போட்டுருவோமா?"

"ஹி ஹி... அவர் என்ன சொன்னார்?"

எங்க சொன்னார்? விறுவிறுன்னு உள்ள போனார். 'கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்'னு எல்லாரும் நினைச்சாங்க. ஜெனோவாவும் அப்படித்தான் நினைச்சா. ஆனா அவர் விளக்குமாறோட வந்தார். சரட் சரட்னு அந்த இடத்தைப் பெருக்கினார். தண்ணி தெளிச்சார். "லே, ஆளுக்கு ஒரு செருப்பை எடுத்து அந்தப் பக்கம் போடுங்கலே! பார்த்துக்கிட்டு நிக்கிறானுவ!"ன்னு ஒரு அதட்டல். எல்லார் செருப்பும் பறந்து போய் வலது பக்கம் விழுந்துச்சு. ஓலை வந்துச்சு, வைக்கோல் வந்துச்சு. குடில் எந்திரிச்சு நின்னுச்சு.

சந்தியாகுதான் ஒவ்வொண்ணா எடுத்து வச்சார். ஒட்டகத்தைக் கையில எடுத்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில ஒரு பழைய தையல்.

"ஏலே... இது என் செருப்பு!"

வியாகுலம் ஜெனோவாவுக்குப் பின்னால ஒளிஞ்சான். ஜெனோவா, "வேணுமா தாத்தா? பிரிச்சுத் தரவா?"ன்னு பயந்துகிட்டே கேட்டா.

அவர் ஒட்டகத்தை ராசாவுக்குப் பின்னால வச்சார். கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தார். "இருக்கட்டும்"னார். வீட்டுக்குப் போய் மிச்சம் இருந்த இன்னொரு கால் செருப்பையும் எடுத்துக்கிட்டு வந்து சலேத்மேரிகிட்ட கொடுத்தார். "ராசா மூணு பேரு. ஒட்டகம் ஒண்ணுதான் இருக்கு. பத்தாது."

"ம்... அப்பா வந்தாரா தாத்தா?"

வந்தார். கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில பூசை முடிஞ்சு மணி அடிக்கிற நேரம். டாண், டாண், டாண். கடல்ல வள்ளம் வரிசையா வருது. பாலனை வைக்கோல்ல கிடத்தியாச்சு. அந்த வருஷம் பிறந்த பிள்ளைங்களை அவர் பக்கத்துல கிடத்தியாச்சு. ஒண்ணு தூங்குது, ஒண்ணு விரல் சூப்புது. ஜெனோவாவோட தம்பி மட்டும் கையையும் காலையும் ஆட்டிக்கிட்டு "ங்க்ஙூ, ங்க்ஙூ"ன்னு ஆட்டுக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கான்.

தொம்மை மணல்ல ஓடி வாறார். மூச்சு வாங்குது. கோயிலுக்குள்ள ஓடப் போனவரை ஜெனோவா கையைப் பிடிச்சு இழுத்தா. "உள்ள இல்லப்பா, இங்க!"

அவர் நின்னார். பார்த்தார். மாதாவைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், ஒட்டகத்தைப் பார்த்தார். "செருப்பு மாதிரில்ல இருக்கு?"ன்னு கேட்டார்.

"செருப்புதான்!"னு ஊரே சேர்ந்து சொல்லிச்சு. இந்தத் தடவை சந்தியாகு குரல்தான் பெருசாக் கேட்டுச்சு.

தொம்மை மண்டி போட்டார். பிள்ளை அவரைப் பார்த்துச்சு. அவர் பிள்ளையைப் பார்த்தார். ரெண்டு கையையும் அடியில கொடுத்து மெதுவாத் தூக்கினார். தூக்கினா, கூடவே ஆடும் வருது!

"எப்படி?"

பிள்ளை அதோட தாடியைப் பிடிச்சிருக்கான். விட மாட்டேங்கான். இழுத்தா வீல்னு கத்துறான். அப்புறம் என்ன செய்ய? பிள்ளையையும் ஆட்டையும் சேர்த்துத்தான் வாங்கினார் தொம்மை. சலேத்மேரி சிரிச்ச சிரிப்புல அவ கண்ணுல தண்ணி வந்துட்டு. ஜெனோவா அப்பா தோள்ல தொங்கிக்கிட்டு, "உன்னையும் வாங்கியாச்சு, உன்னையும் வாங்கியாச்சு"ன்னு தம்பி காதுல சொல்லிக்கிட்டே இருந்தா. லில்லி சம்மனசை அமுக்கினா. கீச்.

"ம்..."

மூணு ராசாக்கள் திருநாள் முடிஞ்சதும் குடிலைப் பிரிச்சாங்க. பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணா ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. தம்பிக்கு ஆடு. லில்லிக்கு எது கிடைச்சிருக்கும்னு நான் சொல்ல வேண்டாம். அடுத்த வருஷம் ரோடு சரியாச்சு, தூத்துக்குடியில இருந்து புதுச் சுரூபம் வந்துச்சு. குடில் பழையபடி கோயிலுக்குள்ள போயிருச்சு.

"..."

ஷைனி? 'ம்' சொல்லல. அப்போ கதை கரையேறிட்டு. வள்ளத்தை இழுத்துப் போட்டாச்சு. தூங்கு மக்கா.

அந்தக் கோயில் வாசல்ல இடது பக்கம் இன்னைக்கும் யாரும் செருப்பு விடுறதில்ல.